அக்கா காது வைத்து வாங்கிய கம்பியூட்டர்

என் அக்கா மரியநாயகி ஒரு கம்பியூட்டர் வாங்கினாள். கண்ணால் பார்த்து வாங்கவில்லை. காதால் கேட்டு வாங்கினாள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கொன்றும் கோபமில்லை. நானும் அந்தக் கடைக்குள் நின்று வயிறு வலிக்கச் சிரித்தவன்தான். அதற்குப் பிறகு நடந்ததையும் கேட்டுவிட்டுப் போங்கள், அவ்வளவுதான்.

நான் றோலண்ட். நானுஓயா ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறேன். ரயிலை விட்டு இறங்குகிறவர்களை நுவரெலியாவுக்கு ஏற்றிப்போவது என் பிழைப்பு. வளைவுக்கு வளைவு "நிப்பாட்டுங்க, படம் எடுக்கணும்" என்று உயிரை வாங்குகிற கூட்டத்தோடு மல்லுக்கட்டி மல்லுக்கட்டி என் வாய் கொஞ்சம் கெட்டுப்போய்விட்டது. ஆனால் அக்காவின் வாய்க்கு முன்னால் நான் ஊமை.

அக்கா எங்கள் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறாள். கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. விடிந்ததும் பெரட்டுக் களத்தில் போய்ப் பெயர் கொடுக்க வேண்டும்; பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. அந்த அவசரத்தில் பிள்ளையை அக்காவின் மடியில் போட்டுவிட்டு ஓடுவார்கள். அழுகிறதைத் தூக்கி, தூங்குகிறதைப் போர்த்தி, பால் கரைத்து, துணி மாற்றி, இடையில் என்னைப் போனில் கூப்பிட்டுத் திட்டி, இப்படியே அக்காவுக்கு அரை ஆயுள் போய்விட்டது.

அவள் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளில் கடைசி வீட்டு வீரய்யா அண்ணனின் மகன் மதுரன் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒருநாள் தொட்டிலில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான். பார்த்தவர்கள் எல்லாம் "நல்ல தூக்கம்" என்றார்கள். அக்கா குனிந்து அவன் நெஞ்சில் காதை வைத்தாள். "தூக்கமா இது? மூச்சு இழுக்குதுடா, வண்டிய எடு!" என்று கத்தினாள். நான் ஆட்டோ வாங்கிய புதிது. எந்த வளைவில் எப்படித் திருப்பினேன் என்று எனக்கு இன்றைக்கும் நினைவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர், கொஞ்சம் பிந்தியிருந்தால் பிள்ளை தங்கியிருக்காது என்றார். அன்றைக்குப் பிறகு தோட்டத்தின் பக்கத்து டிவிசனில் இருந்துகூடப் பிள்ளைகளைத் தூக்கி வந்து அக்காவிடம் காது வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அவர்கள் நம்பியதில் தப்பில்லை. அக்காவே தன் காதை வேதவாக்காக நம்ப ஆரம்பித்ததுதான் வினையாகப் போய்விட்டது.

மச்சான் போய்ச் சேர்ந்தபிறகு அக்காவுக்கு எல்லாமே மகள் ஜெனிதாதான். உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணினாள். கெம்பஸ் கிடைக்க வெட்டுப்புள்ளி கொஞ்சம் இடித்தது. சளைக்கவில்லை. வீட்டில் இருந்தே படிக்கிற மாதிரி கம்பியூட்டர் பட்டப்படிப்பு ஒன்றில் பதிந்துகொண்டாள். வகுப்பெல்லாம் ஒன்லைனில்தான், வேலைக்குப் போகிறவர்களும் படிப்பதால் சாயந்திரத்தில் நடக்கும். கம்பியூட்டர் படிப்பை அந்தப் பிள்ளை கண்ணாடி வெடித்த ஒரு போனில் படித்தது, கேட்டீர்களா? சிக்னல் தேடித் தண்ணித் தொட்டிக்கு மேலே ஏறிப் பனியில் உட்கார்ந்து, கட்டைவிரலால் குத்திக் குத்தி. தலைவலி வந்து சுருண்டு படுப்பாள்.

அப்போதுதான் முதல் பரீட்சைக்கு அறிவித்தல் வந்தது. கேமரா பூட்டிய கம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துதான் எழுத வேண்டும், போனில் எழுத முடியாது, நடுவில் அணைந்து போனால் அந்தப் பரீட்சை செல்லாது என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள்.

ஜெனிதா வாசித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"அம்மா, இத எழுத முடியலன்னா நான் வினோதாகிட்ட போயிருவேன். அவ கடையில ஆள் கேக்குறாங்களாம். சும்மா உக்காந்து ஒங்க சோத்தத் தின்னுக்கிட்டு இருக்க மாட்டேன்."

வினோதா ஜெனிதாவோடு படித்தவள். கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிற்கிறாள்தான். காலையிலிருந்து கடை பூட்டும்வரை உட்கார விடமாட்டார்களாம். அக்கா என்னை வெளியே இழுத்து வந்து என்னிடம் மட்டும் சொன்னாள்:

"நான் தொட்டிலாட்டுன புள்ளைங்க பாதிப் பேரு கொழும்புக் கடையிலதான்டா நிக்குது. வினோதாவும் என் மடியில கெடந்ததுதான். மதுரனும் அங்கதான். ஊரார் புள்ளைய எல்லாம் அதுக்குத்தான் வளத்தனா? எம் புள்ளையையாவது நான் விட மாட்டேன்."

மறுவாரமே மூன்று பேரும் நுவரெலியாவுக்குப் போனோம். பேக்கரிக்கு மேல்மாடியில் ஒரு கம்பியூட்டர் கடை. அங்கே வேலை செய்கிற மிலான் நம்முடைய பொடியன்தான், பொறுமைசாலி. அந்தப் பொறுமையை அக்கா அன்றைக்கு ஒரு வழி பண்ணினாள்.

நான் முதலிலேயே சொன்னேன், "லேப்டொப் எடுப்போம்க்கா. தூக்கிக்கிட்டுப் போகலாம்."

"எங்கடா தூக்கிக்கிட்டுப் போறது? அதத்தானே நான் வேணாங்கிறேன்" என்றாள்.

மிலான் ஜெனிதாவிடம் என்ன படிக்கிறாள், கம்பியூட்டரை எதற்கெல்லாம் பாவிப்பாள் என்று கேட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள்ளே சிவப்பும் நீலமுமாக லைட் எரிகிற ஒன்றை நான் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்ணே, அது கேம் வெளையாடுறவங்களுக்கு. படிக்கிற புள்ளைக்கு அந்த லைட்டெல்லாம் எதுக்கு?" என்று என் வாயை அடைத்துவிட்டான்.

"இந்தக் காசுக்கு லேப்டொப் எடுத்தா ரொம்பப் பழசுதான் கெடைக்கும், பேட்டரியும் செத்திருக்கும். டெஸ்க்டொப் எடுங்க. கொழும்பு ஓபிஸ்கள்ல பாவிச்சது வருது, நல்ல சாமான். எட்டு ஜிபி ரேம், எஸ்எஸ்டி போட்டிருக்கு, இவங்க படிப்புக்குத் தாராளம். பெரிய ஸ்கிரீன்ல பாத்தா தலைவலியும் வராது. முக்கியமா, ஒண்ணு பழுதானா அத மட்டும் மாத்திக்கலாம். லேப்டொப்ல ஒண்ணு போனா எல்லாத்தையும் கழட்டணும்."

அது அக்காவுக்குப் பிடித்துவிட்டது. "அப்படிச் சொல்லு தம்பி. புள்ளைக்குப் பல்லு வலின்னா பல்லத்தானே பாக்கணும்? புள்ளையவே மாத்துவாங்களா?"

மிலான் ஒரே கம்பெனிப் பெட்டிகள் இரண்டை மேசையில் வைத்து, ஸ்கிரீனைப் பூட்டிப் போட்டுக் காட்டினான். இரண்டும் ஓடின. ஜெனிதா ஒவ்வொன்றிலும் தட்டிப் பார்த்து, "ரெண்டும் ஒண்ணுதான்மா, எதையாவது எடுப்போம்" என்றாள். எதையாவதா? அக்காவிடமா?

அக்கா கொண்டையைச் சரிசெய்துகொண்டாள். குனிந்தாள். முதல் பெட்டியின் விலாவில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கடைக்குள் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இதுக்கு மூச்சு இழுக்குதே தம்பி" என்றாள்.

"மூச்சு இல்லம்மா, அது காத்தாடி. உள்ளுக்குச் சூடு ஏறாம இருக்கச் சுத்துது. சத்தம் வந்தாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

"எனக்கா சொல்ற? மூச்சு இப்படி கேட்டா அது சொகமில்லாத புள்ள." அடுத்த பெட்டியில் காதை வைத்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "ஆத்தாடி! இது எவ்வளவு அமைதியா தூங்குது பாரு. சத்தமே இல்ல. இதத்தான் எடுக்கணும்."

மிலான் தலையைச் சொறிந்தான். "அது ரொம்ப நாளா ஓடாம சும்மா கெடந்தது. ஓடும்தான். ஆனா நான்னா மத்ததத்தான் எடுப்பேன். கழட்டி ஒருக்காப் பாக்கவா?"

"நல்லா இருக்கிற புள்ளைய எதுக்குக் கழட்டுற? கட்டு அத."

அங்கேதான் நான் விழுந்து விழுந்து சிரித்தது. மிலானும் சிரித்துக்கொண்டேதான் கட்டினான். கட்டும்போது ஒரு வார்த்தை சொன்னான்: "யூபிஎஸ் ஒண்ணு கட்டாயம் எடுங்க. லயத்துல கரண்டு ஏறும் எறங்கும், பெட்டி பொசுக்குன்னு அணைஞ்சிரும்." கேமராவும், கீபோர்டும், வீட்டுக்குள்ளேயே சிக்னல் இழுக்கிற ஒரு ரூட்டரும் வாங்கியதோடு கை காலியாகிவிட்டது. யூபிஎஸ் அடுத்த சம்பளத்துக்கு என்று இறங்கி வந்துவிட்டோம்.

வரும் வழியெல்லாம் அக்கா அந்தப் பெட்டியை ஒரு பிளனல் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். ஒரு குழியில் ஆட்டோ குலுங்கியதும் முதுகில் ஓங்கி ஒரு அடி விழுந்தது. "மெதுவாப் போடா! தல நிக்காத புள்ள மடியில இருக்கு!"

கம்பியூட்டர் வந்த அன்றைக்கு லயமே எங்கள் வீட்டில்தான். வீரய்யா அண்ணனின் மனைவி மீனம்மா அக்கா வந்து ஸ்கிரீன் மேல் திருநீறு பூசிவிட்டார். எங்கள் அக்கா அதற்குப் பக்கத்தில் அந்தோனியார் படத்தை வைத்தாள். எங்கே வைப்பது என்பதையும் அவளே முடிவு செய்தாள். காம்பரா என்கிற எங்கள் ஒரே அறையில் மற்றச் சுவரெல்லாம் பனிக்கு ஓதம் ஏறியிருக்கும். அடுப்படிச் சுவர் மட்டும் எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். "அங்கதான் பனி ஏறாது" என்று அந்தச் சுவரோடு ஒட்டி வைத்தாள். படிப்பு முடிந்ததும் பிளனல் துணியால் போர்த்துவிடுவாள். பிள்ளையைத் தூங்கப் பண்ணுவதுபோலத்தான்.

காலையில் நன்றாக ஓடியது. ஜெனிதா சிரித்த முகமாக இருந்தாள். பெரிய ஸ்கிரீனில் எழுத்தெல்லாம் கொழுகொழுவென்று இருக்கிறது மாமா என்றாள். ஆனால் சாயந்திர வகுப்பு பாதி போகும்போது பெட்டி பொட்டென்று அணைந்தது. திரும்பப் போட்டாள், கொஞ்சம் ஓடி மறுபடி அணைந்தது. மறுநாள் சாயந்திரமும் அதே கதை. அதற்கு அடுத்த நாளும் அதே.

"யூபிஎஸ்! அந்தப் பொடியன் தலையில அடிச்சிச் சொன்னான்" என்றேன் நான்.

கரண்ட் என்றதும் அக்காவின் பார்வை லயத்தின் கடைசி வீட்டுக்குப் போனது. வீரய்யா அண்ணன் தோட்ட வேலையை விட்டபிறகு வீட்டை ஒட்டிய சாய்ப்பில் மாவு அரைக்கும் மில் ஒன்று போட்டிருக்கிறார். சாயந்திரம் ஆனால் வேலை விட்டு வந்த பெண்கள் அரிசியும் மிளகாயும் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். மில் உறுமத் தொடங்கினால் லயத்து பல்புகள் எல்லாம் மஞ்சளாகிவிடும். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேரே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

"வீரய்யாண்ணே! ஒங்க மில்லு அரிசிய அரைக்கல, எம் புள்ள படிப்பத்தான் அரைக்குது!"

அவர் மில்லை நிறுத்திவிட்டு மாவுக் கையோடு வெளியே வந்தார். "என்ன பேசுற மரியநாயகி? நான் பில்லு கட்டித்தான் கரண்டு எடுக்குறேன். ஒம் பெட்டிக்குத் தெம்பில்லன்னா அதுக்கு நானா பொணை?"

"எம் பெட்டிக்கா தெம்பில்ல? அதப் பாத்து எடுத்தது நானு!"

"அதத்தான் நானும் சொல்றேன்!"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் அக்காவைக் கிளப்பிவிட்டது. சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டாள்.

"ஒங்க மகன் படிக்காம கொழும்புக்குப் போயிட்டான்னு ஊர்ப் புள்ளைங்க ஒண்ணுமே படிக்கக்கூடாதா?"

சிரிப்பு நின்றுவிட்டது. வீரய்யா அண்ணன் மாவுக் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. பேசியது அவள்தான், ஆனால் உடன்பிறந்தவனாயிற்றே.

மறுநாள் மில் ஓடவில்லை. "பெல்ட்டு அறுந்து போச்சு. கண்டியில இருந்து வரணும்" என்று வந்தவர்களிடம் எல்லாம் சொல்லி அனுப்பினார். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே தூரத்து டிவிசன் மில்லுக்கு நடந்தார்கள். அக்கா அந்தோனியார் படத்துக்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தினாள். "கேட்டியாடா? பெல்ட்டு அறுந்திருச்சாம். கடவுளுக்குக் கண் இருக்கு" என்றாள்.

கடவுளுக்குக் கண் இருந்தது, பெட்டிக்குத்தான் இல்லை. மில் நின்றபிறகும் அது அணைந்தது. இப்போது பழி கேத்தல்கள் மேல் விழுந்தது. வேலை விட்டு வந்ததும் எல்லா வீட்டிலும் பிளேன்டீக்குத் தண்ணி கொதிக்க வைக்கக் கரண்ட் கேத்தல் போடுவார்கள் அல்லவா? அக்கா வீடு வீடாகப் போனாள். சண்டைக்கு இல்லை, இந்த முறை கெஞ்சுவதற்கு. "புள்ள பரீட்ச முடியிற வரைக்கும் அந்த நேரத்துக்கு மட்டும் விறகுல வச்சிக்கோங்கடி" என்றாள். ஒருத்தரும் மறுக்கவில்லை. மழைக்காலம், விறகெல்லாம் ஈரம். லயத்துக்கூரை முழுக்கப் புகை. இருமிக்கொண்டே ஊதினார்கள்.

பரீட்சைக்கு முந்திய வாரம் மாதிரிப் பரீட்சை ஒன்று வைத்தார்கள். அன்றைக்கு நானும் ஓட்டத்தை விட்டுவிட்டு வந்து காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்தேன். மில் இல்லை. கேத்தல் இல்லை. எங்கள் வீட்டு அடுப்பில் மட்டும் அக்கா சோறு வைத்திருந்தாள். ஜெனிதா தட்டிக்கொண்டே இருந்தாள். பாதி தாண்டியிருக்கும், ஸ்கிரீன் கறுத்துப்போனது.

அவள் அழவில்லை. கீபோர்டைத் தள்ளி வைத்தாள். கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு பயணப் பையை இழுத்தாள். அது ஏற்கெனவே நிரம்பியிருந்தது. எப்போது அடுக்கினாளோ, எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

"வினோதாவுக்கு சொல்லிட்டேன்மா. திங்கக்கிழம வர்றேன்னு. எல்லாரையும் புகையில போட்டு வாட்டுனது போதும்."

அக்கா நின்ற இடத்திலேயே நின்றாள். பழக்கதோஷத்தில் பெட்டியைப் போர்த்துவதற்காகப் பிளனல் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"றோலண்டு... இது கொதிக்குதுடா."

அப்போதுதான் ஜெனிதா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். "அம்மா, பல்பு நல்லா எரியுது. கரண்டு எறங்கவே இல்லயே."

அக்கா பெட்டியை மறுபடி போடச் சொன்னாள். ஸ்கிரீன் வெளிச்சமானது. அக்கா மண்டியிட்டு, கடையில் செய்த மாதிரியே விலாவில் காதை வைத்தாள். இந்த முறை நான் சிரிக்கவில்லை. அவள் நிமிர்ந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"உடம்பு கொதிக்குது, மூச்சுச் சத்தமே இல்ல. கடையிலயும் அன்னைக்கு இப்படித்தான்டா சத்தமில்லாம இருந்திச்சு. தூங்குதுன்னு நெனச்சேன். இது மூச்சே விடலடா! அந்தப் பொடியன் சொன்னானே, காத்தாடி சுத்தினாத்தான் சத்தம் வரும்னு. பாவி, நான்தானே கேக்கல!"

விடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பறந்தோம். மிலான் கழட்டினான். உள்ளே காத்தாடி அப்படியே இறுகிப் போய்க் கிடந்தது, விரலால் தள்ளினாலும் சுற்றவில்லை. காலைக் குளிரில் தாக்குப்பிடித்த பெட்டி, சாயந்திரம் அடுப்படிச் சுவரும் சூடானதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்திருக்கிறது. மில்லும் இல்லை, கேத்தலும் இல்லை. மிலான் குறை ஒன்றும் சொல்லவில்லை. பழையதைக் கழட்டிப் புதுக் காத்தாடி ஒன்றைப் பூட்டினான். "ஒண்ணத்தான் மாத்தினேன், பாத்தீங்களா? இனி அடுப்புப் பக்கம் வைக்காதீங்கம்மா" என்றான். குறை சொல்கிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். "அன்னைக்கே நான் சொன்னேன்ல, லேப்டொப்..."

"வாய மூடிக்கிட்டு வண்டிய ஓட்டு" என்றாள் அக்கா.

வீட்டுக்கு வந்து பெட்டியை ஜன்னல் பக்கமாக வைத்தோம். ஜெனிதா சொன்னாள், "அம்மா, ஒரு விசயம் பாத்துரணும். மில்லு ஓடுறப்ப இது தாங்குதான்னு தெரியணும். இல்லன்னா பரீட்சையில பயந்துக்கிட்டே இருப்பேன்."

நியாயமான பேச்சுதான். ஆனால் வீரய்யா அண்ணனிடம் யார் போய்க் கேட்பது? நான் என் செருப்பைப் பார்த்தேன். அக்கா உள்ளே போய் அரிசியை ஊறப்போட்டாள்.

சாயந்திரம் ஊறிய அரிசியைத் தண்ணி வடித்துச் சட்டியில் எடுத்துக்கொண்டு அந்தக் கடைசி வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் ஜெனிதாவும் பின்னால். வீரய்யா அண்ணன் இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், எங்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"அண்ணே, இடியப்பத்துக்கு மாவு அரைக்கணும்."

"பெல்ட்டு அறுந்து கெடக்குதே."

"அண்ணே, ஒங்க மில்லு மேல ஒரு தப்பும் இல்ல. என் பெட்டிதான் பழுது. மாத்தியாச்சு." அக்காவின் குரல் உடைந்தது. "நான் ஒங்கள பேசுனது பேசக்கூடாத பேச்சு. மதுரன இழுத்திருக்கக் கூடாது. என் காது தப்பு, வாயும் தப்பு. மன்னிச்சிருங்க."

உள்ளேயிருந்து மீனம்மா அக்கா வந்தார். கையில் பெல்ட். எங்கேயும் ஒரு கீறல் இல்லை.

"எங்க அறுந்திச்சு? அரிசிப் பெட்டி மேல நல்லாத்தான் கெடக்கு. இந்த மனுசன் தானே கழட்டி வச்சிக்கிட்டு, கேக்குறவங்ககிட்ட எல்லாம் பொய் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. அந்தப் புள்ள எழுதி முடிக்கட்டும்னு."

அக்கா சட்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அப்படித் திட்டு வாங்கிய மனிதர் தன் பிழைப்பைத் தானே நிறுத்தி வைத்திருக்கிறார். நான் செய்வேனா? சத்தியமாகச் செய்யமாட்டேன்.

வீரய்யா அண்ணன் பெல்ட்டை வாங்கிக்கொண்டார். யாரையும் பார்க்காமல் பேசினார். "நீ சொன்னது சுட்டிச்சு, மரியநாயகி. ஆனா பொய் இல்லயே. மதுரன் போறப்ப அவன இங்க புடிச்சி வைக்க எங்கிட்ட ஒண்ணும் இருக்கல. ஒன் மகளுக்கு அப்படி ஒரு பெட்டி இருக்கு, அதையும் என் மில்லு கெடுத்திச்சின்னு இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன், அவ்வளவுதான். அப்புறம் ஒண்ணு. காது தப்புன்னு மட்டும் சொல்லாத. எம் மகன் மூச்சக் கேட்ட காது அது."

அக்கா அழுதுவிட்டாள். மீனம்மா அக்கா அவள் கையிலிருந்த சட்டியை வாங்கிக்கொண்டு, "போதும் போதும், ஊறுன அரிசி புளிச்சிரப் போகுது" என்று அதட்டினார்.

பெல்ட் ஏறியது. மில் உறுமியது. ஜெனிதா வீட்டுக்கு ஓடினாள், நாங்களும் ஓடினோம். பல்பு மஞ்சளாகிக் கூம்பியது. பெட்டி அணையவில்லை. அது பாட்டுக்கு உர்ரென்று ஓடிக்கொண்டே இருந்தது. அரிசி முழுவதும் அரைபட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை. "அதான் தாங்குதே, ஓட்டுங்கண்ணே" என்று நான் சொல்லியும் வீரய்யா அண்ணன் மில்லைப் போடவில்லை. "தாங்கட்டும். நான் இன்னைக்கி லீவு" என்றார். லயத்தில் யாரும் ரேடியோகூடப் போடவில்லை. அக்கா ஜன்னலுக்கு வெளியே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, கையில் செபமாலையோடு ஜன்னல் கதவில் காதைச் சாய்த்திருந்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கிட்டப் போய், "என்னக்கா?" என்றேன்.

"இழுக்குதுடா" என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. "நல்லா மூச்சு இழுக்குது."

வெளிச்சம் இறங்குகிற நேரத்தில் கதவு திறந்தது. ஜெனிதா வந்து நின்றாள். விரல்களை நெட்டி முறித்துக்கொண்டே, "முழுசா எழுதிட்டேன்மா. அனுப்பியும் ஆச்சு" என்றாள்.

அக்கா அவளைக் கட்டிப்பிடிப்பாள் என்று பார்த்தேன். இல்லை. எழுந்து முற்றத்தின் நடுவுக்குப் போனாள். லயம் முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினாள்.

"வீரய்யாண்ணே! மில்லப் போடுங்க! ஏய் புள்ளைங்களா, கேத்தலப் போடுங்கடி!"

கதவுகள் திறந்தன. அரிசிச் சட்டியும் மிளகாய் டின்னுமாகப் பெண்கள் இறங்கி வந்தார்கள். எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு உள்ளேயே காத்திருந்திருக்கிறார்கள். மில் உறுமியது. லயத்து பல்புகள் எல்லாம் மஞ்சளாகின. அந்தச் சத்தத்துக்கு நடுவில் ஜெனிதாவின் போன் அடித்தது. வினோதா.

"என்னடி, நாளைக்கு எந்த ரயில்ல வர்ற?"

ஜெனிதா ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவளும் கத்தினாள். "வரலடி! அடுத்த பரீட்சைக்குப் படிக்கணும்! ஆங்... மில்லு சத்தம்டி! சொல்றது கேக்குதா? நான் வரல!"

எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அக்கா காதில் வாங்காதவள்போல முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய்க் கட்டிலுக்கடியில் கிடந்த பயணப் பையை எடுத்துத் துணிகளை ஒவ்வொன்றாகக் கொடியில் போட ஆரம்பித்தாள்.